படங்கும் பட்டுச்சேலையும்: வன்னியின் தையலும் காட்சிக்கூடச் சுவரும்

அண்மை ஆண்டுகளிற் கொழும்புக் காட்சிக்கூடங்களில் துணியும் நூலும் பெற்றுவரும் இடம் கவனித்தற்குரியது. பழஞ்சேலைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்து, அவற்றின்மீது வீட்டையும் வேலியையும் வழியையும் நூலாலேயே வரைந்து, வெண்சுவரிலே தொங்கவிடப்படும் ஆக்கங்கள் இன்று ஓவியத்தோடு ஒப்பவைத்து நோக்கப்படுகின்றன. அத்தகைய காட்சியொன்றைக் காண்பதற்காகக் கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவை இரவுப் பேருந்திற் கடந்து நாம் கொழும்பு சென்றோம். கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. பார்வையாளர் மிகச் சிலரே. ஒவ்வோர் ஆக்கத்தின் அருகிலும் ஆக்கியோர் பெயர், ஆண்டு, 'துணி, நூல்' என்னும் மூலப்பொருட் குறிப்பு ஆகியன சிறு அட்டையில் எழுதப்பட்டிருந்தன. தொடுதல் விலக்கப்பட்டிருந்தது.

தையல் அறிந்த எவரும் ஒரு துணியைக் கையிலெடுத்ததும் செய்யும் முதற் காரியம் அதனைப் புரட்டிப் பார்ப்பதாகும். முன்புறம் தைத்தவர் காட்ட விரும்பியது; பின்புறமோ அவர் செய்த வேலை. முடிச்சு எங்கே விழுந்தது, நூல் எவ்விடத்தில் தீர்ந்து வேறு நூல் தொடங்கியது, பிழைத்த தையல் எங்கே பிரிக்கப்பட்டது என்பனவெல்லாம் பின்புறத்திலேயே பதிந்துகிடக்கும். காட்சிக்கூடச் சுவர் அப்பின்புறத்தை மூடிவிடுகிறது. இஃது அற்பமான குறையாகச் சிலருக்குத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உழைப்பின் தடத்தை மறைத்துப் பொருளை மாத்திரம் முன்னிறுத்துவது பண்ட உலகின் பொதுவிதி என்பதை மூலதனம் முதற்பாகத்தின் தொடக்க அதிகாரத்திலேயே மார்க்ஸ் விளக்கினார். அவ்விளக்கத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட உதாரணமும் துணியே: இருபது யார் லினன் ஒரு மேலங்கிக்குச் சமம். துணியைப் பற்றிப் பேசத் தொடங்கின் உழைப்பைப் பற்றிப் பேசாது முடிக்க இயலாது.

இக்கட்டுரை அப்பின்புறத்தைப் பற்றியது. வன்னி நிலத்தோடு தொடர்புடைய துணிக்கலை கொழும்பின் சுவருக்கு வந்துசேர்ந்துள்ள இக்காலத்தில், அந்நிலத்தில் துணியைப் பொருத்தித் தைத்தோர் யாவர், எதற்காகத் தைத்தனர், அத்தையல் எவ்வகைச் சமூக உறவுகளுக்குள் நிகழ்ந்தது என்ற வினாக்களை எழுப்புவதே எமது நோக்கம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். இரண்டு துணிகளுக்கிடையிற் பஞ்சை வைத்து மூன்றடுக்கையும் ஊடுருவித் தைக்கும் 'குவில்ற்' குளிர்நாட்டுப் படுக்கையின் பொருள். வெப்ப நிலத்து மக்களாகிய எமக்கு அதற்கென ஒரு சொல் இல்லாமையில் வியப்பில்லை. ஆயினும் கிழிந்த துணியைப் பிற துணியோடு இணைத்துப் புதிய துணியொன்றை ஆக்கும் செயலுக்குத் தமிழிற் சொல் மிகப் பழையது. துன்னம் என்பர் பழந்தமிழர். துன்னல் என்றும் வரும். பேராசிரியர் க. கைலாசபதி 'அடியும் முடியும்' என்னும் நூலில் இலக்கியக் கருக்கள் சில காலந்தோறும் அடைந்த மாற்றத்தைச் சமூக மாற்றத்தோடு பொருத்திக் காட்டினார். கந்தற் சீலைக்கும் அவ்வாறான வரலாறொன்று எழுதப்படல் வேண்டும்.

முடத்தாமக்கண்ணியார் இயற்றிய பொருநராற்றுப்படையிலே கரிகாலனிடம் சென்ற பொருநனின் உடை விவரிக்கப்படுகின்றது. ஈரும் பேனும் குடியிருப்பது, வியர்வையில் நனைந்தது, வேறு வேறு இழைகள் நுழைந்து தைக்கப்பட்ட சிதார். அரசன் அதனை நீக்குவித்து, நெய்த இழையின் வழியைக் கண்ணாற் பின்தொடர முடியாத அளவுக்கு நுண்ணியதும் பாம்பின் தோலை ஒத்ததுமான ஆடையை அளிக்கின்றான். இப்பகுதியை அரசனின் கொடைச் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகவே உரையாளரும் ஆசிரியரும் பயிற்றுவந்துள்ளனர். வேறு வகையிலும் இதனை நோக்கலாம். ஒட்டுப்போட்ட துணி ஆற்றுப்படை மரபில் நீக்கப்படுவதற்காகவே தோன்றுகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலும் இதே ஒழுங்கே காணப்படுகின்றது. பொருநனின் சிதாரைத் துன்னியது எவருடைய கை? மனைவியா, தாயா, அவனேயா? இலக்கியம் அதனைக் கூறவில்லை. கூறவேண்டிய தேவை புரவலன் அவைக்கு இருக்கவில்லை. எனினும் அவ்வேற்றிழைகளைப் புலவர் கண்டுள்ளார் என்பதும், ஒரே துணியிற் பல துணிகளின் வரலாறு கிடப்பதை ஒரு சொற்றொடரிற் குறித்துவைத்தார் என்பதும் மறுக்கமுடியாதவை. புரவலரைப் பாடவந்தோர் தம்மை அறியாமலே விட்டுச்சென்ற சான்றுகள் இவை.

சிலப்பதிகாரத்தில் நிலைமை மாறிவிடுகின்றது. இந்திரவிழவூரெடுத்த காதையிற் புகார் நகரத் தொழிலாளர் நிரைப்படுத்தப்படுமிடத்துத் துன்னகாரரும் தோலின் துன்னரும் இடம்பெறுகின்றனர். தையல் இங்கு நகரத்தில் விலைபெறும் தொழிலாகிவிட்டது, தொழிற்பெயரும் கிடைத்துவிட்டது. வீட்டினுள் நிகழும் துன்னலோ இந்நிரையில் இல்லை. சந்தைக்கு வராத உழைப்புக்குப் பெயரில்லை. இவ்வேறுபாடு இரண்டாயிரமாண்டு கழிந்தும் வன்னிப் பேச்சுவழக்கில் உயிரோடிருப்பதை நாம் எதிர்பாராத வகையிற் கண்டறிந்தோம்.

முத்தையன்கட்டுக் குளத்துக்கு அண்மையில் உள்ள ஒரு வீட்டு முற்றத்திலே நெல் காயவிடப்பட்டிருந்த விரிப்பை நாம் பார்த்துநின்றபோது, 'இதை ஆர் தைச்சது?' என்று வினவினோம். வீட்டு மூதாட்டி எம்மைத் திருத்தினார். 'இது தையல் இல்லைத் தம்பி, பொத்தல். தைக்கிறது வேற, பொத்திறது வேற.' தையல் என்பது மெசினில், காசுக்கு, பிறருக்கு. பொத்தல் என்பது சாக்கூசியால், தன் வீட்டுக்கு. மாற்றுப்பெறுமதிக்கும் பயன்பெறுமதிக்கும் இடையிலான வேறுபாட்டை இதனினும் சுருக்கமாகக் கூறிய ஆசிரியர் எவரிடமும் நாம் கற்றதில்லை.

அவ்விரிப்பு படங்கு எனப்படும். வன்னி விவசாயியின் வீட்டிற் படங்கு இல்லாத வீடு முன்னர் அரிது. வெறுமையான சணற் சாக்குகளின் மூட்டுக்களைப் பிரித்து விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, சாக்கிலிருந்தே உருவிய சணல் நூலால் நீண்ட தையலிட்டு இதனை ஆக்குவர். களத்தில் மாடுகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்தில் நெல் மண்ணோடு கலவாதிருக்கப் படங்கு வேண்டும். நெல் காயவிடவும், மழை இருண்டாற் சூட்டை மூடவும், வண்டிப் பாரத்தைப் போர்க்கவும், இரவுக் காவலில் விரித்துப் படுக்கவும் அதுவே. ஓரிடம் கிழிந்தால் அவ்விடத்துக்கு வேறொரு சாக்கின் துண்டு வந்து சேரும். ஆகவே எந்தப் படங்கும் ஒரு நாளில் ஆக்கி முடிக்கப்பட்டதன்று. பல போகங்களின் கிழிசல்களும் பொத்தல்களும் அதிற் படிந்திருக்கும்.

சாக்கும் உள்ளூர்ப் பொருளன்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். வங்காளத்து உழவர் விளைவித்த சணல், ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரிலும் பின்னர் ஊக்ளி ஆற்றங்கரை ஆலைகளிலும் நெய்யப்பட்டு, பர்மிய அரிசியையும் கோதுமை மாவையும் உள்ளடக்கி உலகெங்கும் சென்றது. குடியேற்றவாதத்தின் வாணிகப் பாதைகள் ஒரு வன்னிக் களத்திற் பிரித்து விரிக்கப்பட்டு மறுபடி தைக்கப்பட்டன எனலாம். அதே வங்காளத்திலே பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா எனப்படும் போர்வைகளைத் தைத்தனர் என்பதும், 1929இல் யசிமுதீன் 'நொக்சி காந்தார் மாட்' என்னும் காவியத்தால் அதனை இலக்கியத்திற் புகுத்தினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. எமது படங்குக்கு அத்தகைய கவி கிடைக்கவில்லை. வன்னியை நாவலுக்குக் கொண்டுவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இலும், செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977இலுமே வெளிவந்தன. அதற்கு முன்னர் வன்னியை முழுமையாக 'எழுதியது' குடியேற்ற அதிகாரியே: ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலில் நிலமும் குளமும் வரியும் ஆட்சியாளரின் கண்ணால் அளக்கப்படுகின்றன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் இலங்கையின் கைவினைகளை ஆராய்ந்து எழுதிய பெருநூல் நெசவையும் பின்னல் வேலையையும் மதித்து விளக்கியது. எனினும் அதன் மையம் கண்டிய இராச்சியம். அரசவையையும் விகாரையையும் சாராத உழவன் வீட்டுப் பொத்தல் அவ்வகை ஆய்வின் வட்டத்துக்கு வெளியிலேயே நின்றது.

இதனாற் பழைய கிராமத்தைப் பொற்காலமாக்க நாம் விழைகிறோம் என எவரும் கருதுதல் வேண்டா. துணி சாதியின் கருவியுமாகும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் வெள்ளை கட்டியவரும் மேற்கட்டி பிடித்தவரும் நிலபாவாடை விரித்தவரும் குடிமைத் தொழிலுக்கு உட்படுத்தப்பட்ட கட்டாடிமார். பிறர் துணியின் தூய்மைக்குப் பொறுப்பாயிருந்தவரே தீண்டத்தகாதவராக நடத்தப்பட்டனர். தோளில் எதனைப் போடலாம், முழங்காலுக்குக் கீழ் எவ்வளவு உடுக்கலாம் என்பவற்றையும் வட இலங்கையில் நெடுங்காலம் சாதியே தீர்மானித்தது. 'எமது மரபுத் துணிக்கலை' எனப் பொதுப்படக் கூறுவோர் அந்த 'எமது' யாரைக் குறிக்கின்றது என்பதை முதலில் விளக்குதல் நன்று.

தையல் இயந்திரத்தின் வருகையோடு வேறொரு கட்டம் தொடங்குகின்றது. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையிற் கால்பதித்தது. உடைத் தொழிலைப் புரட்சிகரமாக மாற்றவல்ல கருவியென மார்க்ஸ் இவ்வியந்திரத்தைச் சிறப்பாக எடுத்துப் பேசியதற்கு ஒரு தசாப்தத்துக்குப் பின்னரே அது எமது நாட்டை அடைந்தது. தமிழ்க் குடும்பங்களில் அது சீதனப் பொருளாயிற்று. பெண்ணுக்குரிய கௌரவமான வருவாய்க்கும் வழியாயிற்று. 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலிற் கைத்தறி நெசவு ஓரளவு தழைத்தது. 1977இன் திறந்த பொருளாதாரம் அதனை முறித்தது. மறு ஆண்டிலேயே கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 2009க்குப் பின்னர் அதே ஆடைத் தொழில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்தது. கிளிநொச்சியில் நிறுவப்பட்ட தொழிற்சாலைகளில் ஒன்றுக்கு வானவில் என்றும் மற்றொன்றுக்கு விடியல் என்றும் பெயர். முற்போக்குக் கவிதை அரைநூற்றாண்டாக உழுது விதைத்த ஒரு சொல்லைப் பெருமுதல் இலவசமாக அறுவடை செய்ததை எண்ணிச் சிரிப்பதா, சினப்பதா என்று எமக்குத் தெரியவில்லை. அங்கு உற்பத்தி நிரையில் இருக்கும் பெண் கழுத்துப் பட்டியையோ கைமூட்டையோ மட்டுமே நாள் முழுவதும் தைக்கின்றாள். முழு ஆடை எவருடைய கையாலும் ஆக்கப்படுவதில்லை. படங்கிற் பல துணிகளை ஒரு கை இணைத்தது. இங்கோ ஒரு துணி பல கைகளாகப் பிரிக்கப்படுகின்றது.

கொழும்பிற் கவனம்பெற்ற துணிக்கலைஞருள் ஒருவராகிய ஹேமா ஷிரோனி 1991இற் கண்டியிலே பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் லாகூரிலும் கலை பயின்றவர். கிளிநொச்சியோடு வாழ்வாற் பிணைந்தவர். 2022 சனவரியிற் கொழும்பில் நிகழ்ந்த கொலம்போஸ்கோப் கலைவிழாவிலும் பங்குபற்றினார். வீடு, இடப்பெயர்வு, குடிபெயர்ந்தோரின் நினைவு என்பன அவரது நூல்வேலையின் மையப் பொருள்கள். கண்டியிலிருந்து கிளிநொச்சிக்கு என்ற இவ்வழி ஒரு தனிமனிதரின் வழி மட்டுமன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலைக்கணக்காகப் பங்கிடப்பட்ட மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர், எழுபதுகளின் முற்பகுதிப் பஞ்சத்தாலும் 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களாலும் துரத்தப்பட்டு வன்னியிற் குடியேறினர். 1976இல் தொடங்கப்பட்ட காந்தியம் இயக்கம் அவர்களுட் பலரை வவுனியாப் பகுதியிற் குடியமர்த்தியது. காடு வெட்டியவர் அவர்கள். காணி உறுதியோ பலருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து மேட்டிமை அவர்களை எவ்வாறு அழைத்தது என்பதை இங்கு எழுத எமக்கு நாணமாக உள்ளது.

இவ்விடத்து ஒரு சொல்லைச் சுட்டுதல் தகும். மலையகத்திற் கொழுந்தெடுக்கும் பெண்கள் பனியில் நனைந்த தேயிலைச் செடி உடலில் உராயாதிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குக்கும் படங்கு என்பதே பெயர். வன்னி உழவனின் களத்திலும் தோட்டத் தொழிலாளியின் இடுப்பிலும் ஒரே சணல், ஒரே சொல். இலக்கிய வரலாற்றாசிரியர் ஈழத்தெழுத்தை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், வன்னி என வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். சாக்குத்துணி அப்பிரிவினையை அறியாது.

இனி 2009க்கு வருவோம். நாம் காட்சிக்கூடத்தில் நின்றபோது இடைவிடாது மனத்தில் எழுந்தது அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் நிகழ்ந்த தையலேயாகும். கிளிநொச்சி சனவரித் தொடக்கத்தில் வீழ்ந்தபின் மக்கள் தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என ஊர் ஊராகக் கிழக்கே தள்ளப்பட்டு, இறுதியிற் புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலத்தில் அடைபட்டனர். பாதுகாப்பு வலயமென அரசு அறிவித்த நிலத்திலேயே எறிகணைகள் வீழ்ந்தன. வெளியேற முயன்றோரை விடுதலைப் புலிகள் தடுத்தனர், சுடவும் செய்தனர். இவ்விரண்டையும் ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்துள்ளது. ஒன்றைக் கூறி மற்றதை விழுங்குவது வரலாற்றெழுத்தாகாது.

பதுங்குகுழி வெட்டுதல் வன்னி மக்களுக்குப் பழகிய வேலை. செம்மண்ணிலும் இருவாட்டி மண்ணிலும் குழியின் சுவர் நிற்கும். மேலே பனங்குற்றியோ தென்னங்குற்றியோ அடுக்கி மண்ணைப் போடலாம். கடற்கரை மணலில் இவற்றுள் ஒன்றும் இயலாது. வெட்ட வெட்ட மணல் சரியும், ஆழமாக வெட்டினால் நீர் ஊறும், குற்றிகளும் இல்லை. ஆகவே குழியைச் சுற்றி நிலத்துக்கு மேலே மண்மூட்டை அடுக்குவதே வழி. மூட்டைக்குச் சாக்கு வேண்டும். இடப்பெயர்வுக்கு இடப்பெயர்வு சாக்குகள் தீர்ந்துவிட்டன. எஞ்சியிருந்தவை சேலைகள். பெண்கள் சேலைகளை வெட்டி, பக்கங்களைக் கையால் மூட்டி, மணலை நிரப்பிக் கட்டினர். நூற்சேலை, நைலெக்ஸ், பட்டு என்ற பாகுபாடு அங்கு நீங்கிற்று. கலியாணக் கூறையும் மூட்டையாயிற்று. ஊர் ஊராகச் சுமந்துவந்த பெட்டியின் அடியிற் கடைசிவரை வைத்திருந்த துணி அது. பிறகு விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம் என்று பாதுகாத்த துணி. அக்காலப் புகைப்படங்களைப் பார்ப்போர் முதலிற் காண்பது நிறங்களையே: சிவப்பு, பச்சை, மஞ்சள், சரிகைக் கரை, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றோடொன்று பொருந்தாமல்.

அவற்றைக் கலை என்று கூற நாம் துணியோம். கலை என்று கூறினால் அச்சத்தை அழகாக்கிய குற்றத்துக்கு ஆளாவோம். ஆனால் வன்னியின் தையல் வரலாற்றை எழுதப் புகுவோர் அம்மூட்டைகளை விலக்கிவிட்டு எழுத முடியாது. சிதாரைத் துன்னிய கையும் படங்கைப் பொத்திய கையும் சேலையை மூட்டையாக்கிய கையும் ஒரே சமூக அறிவின் தொடர்ச்சி. கையில் உள்ளதைக் கொண்டு வேண்டியதை ஆக்கும் அறிவு அது. எந்தப் பாடசாலையும் கற்பிக்காதது. போருக்குப் பின்னர் புதுக்குடியிருப்பிற் படையினர் நிறுவிய காட்சியகத்திற் படகுகளும் பீரங்கிகளும் உள்நாட்டில் ஆக்கப்பட்ட நீர்மூழ்கிக் கலங்களும் வைக்கப்பட்டன. போரின் இரும்பு இவ்வாறு காட்சிப்பொருளாயிற்று. துணி மணலோடு மணலாக மக்கிற்று.

எஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டபோது வீடு என்பதே துணியாயிற்று. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தறப்பாளுக்குள் வாழ்ந்தனர். முகாம் 2012 செப்தெம்பரில் மூடப்பட்டது. தறப்பாளோ மக்களோடு ஊர் திரும்பியது: முதற் கூரையாக, பின்னர் கோழிக்கூட்டு மறைப்பாக, இறுதியாக நெல் காயவிடும் விரிப்பாக. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மறுமாதம் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் தொடங்கியபோது அவர்கள் அமர்ந்ததும் அத்தகைய கொட்டகையின் கீழேயே. அங்கு தொங்கியவை பிள்ளைகளின் புகைப்படங்கள்.

சிலி நாட்டு வரலாறு இங்கு ஒப்பிடத்தக்கது. 1973 செப்தெம்பர் 11இல் இராணுவச் சதியால் அலெந்தே அரசு கவிழ்க்கப்பட்டபின், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் தேவாலயத்தின் ஆதரவிற் கூடிச் சிறு துணிச் சித்திரங்களைத் தைத்தனர். 1976இல் நிறுவப்பட்ட ஒருமைப்பாட்டு விக்காரியம் அவற்றை வெளிநாடுகளில் விற்பதற்கு வழிசெய்தது. அவற்றுக்கு 'அர்ப்பிலேரா' என்று பெயர். சிலியின் ஸ்பானிய மொழியில் அச்சொல்லின் பொருள் சாக்குத்துணி, அதாவது படங்கு. சாக்கை அடித்துணியாகக் கொண்டு, பழைய உடைகளின் துண்டுகளால், சில வேளை காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே வெட்டிய துண்டால், வரிசையில் நிற்கும் பெண்களையும் சிறைக்கதவையும் வெற்று நாற்காலியையும் அமைத்தனர். தைத்தவரின் பெயர் முன்புறத்தில் இராது. பெயர் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. ஆனால் பலவற்றின் பின்புறத்திற் சிறு பையொன்று தைக்கப்பட்டு, அதனுள் தைத்தவளின் செய்தி மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் அதனைப் புரட்டிப் பார்க்கவே வேண்டும்.

வன்னித் தாய்மார் ஏன் அவ்வாறு தைக்கவில்லை என்று எம்மிடம் ஒருவர் கேட்டார். வினா நேர்மையானது, விடையும் பண்பாட்டில் அல்ல, நிலைமைகளிலேயே உண்டு. சிலிப் பெண்களுக்குப் பின்னால் நாடளாவிய திருச்சபையும், புலம்பெயர்ந்த இடதுசாரிகளும், அவர்கள்வழி ஓர் அனைத்துலகச் சந்தையும் இருந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த எமது இடதுசாரி இயக்கம் அக்காலத்தில் வன்னித் தாய்மாருக்குப் பின்னால் நிற்கவில்லை. இதனை நாம் வேறெவர் மீதும் சுமத்த முடியாது. தேசிய இனப்பிரச்சினையிற் காலத்தே தெளிவான நிலைப்பாடெடுக்கத் தவறிய மரபின் வாரிசுகளாகவே நாமும் எழுதுகிறோம்.

காட்சிக்கூடத்தை முற்றாக நிராகரிப்பது எமது கருத்தன்று. சுவருக்குச் செல்வதால் துணி அடையும் மாற்றம் இருமுகப்பட்டது. நியூயோர்க்கின் விற்னி அரும்பொருளகம் 1971இல் அமெரிக்கக் குவில்ற்களைப் படுக்கையிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியது. நவீன அரூப ஓவியத்தை நினைவூட்டும் வடிவமைதியே தெரிவுக்கு அளவுகோலாயிருந்தது. தைத்த பெண்களிற் பெரும்பாலோரின் பெயர் அங்கு இல்லை. பெண்ணியத் திறனாய்வாளர் உடனடியாகவே இதனை எதிர்த்தனர். சிலியிற் பெயரின்மை காப்பு. நியூயோர்க்கில் அதுவே அழிப்பு. அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் ஆற்று வளைவிலே, அடிமைகளின் வழித்தோன்றலான கறுப்பினப் பெண்கள் வயலுக்கு உடுத்த பழைய காற்சட்டைகளைப் பிரித்துப் போர்வை தைத்தனர். வாக்குரிமைக்காகத் திரண்ட அம்மக்களின் படகுச்சேவை 1962இல் நிறுத்தப்பட்டது. 1966இல் அப்பகுதியிற் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நகரக் கடைகளுக்குத் தைத்தனர். 2002இல் அப்போர்வைகள் ஹூஸ்ரனிலும் பின்னர் விற்னியிலும் பெயர்களோடு காட்சிக்கு வந்தன. 2006இல் தபால்தலையிலும் அச்சாயின. மறு ஆண்டு அப்பெண்களிற் சிலர் தமக்குரிய வருவாய் கிடைக்கவில்லையென வழக்குத் தொடுத்தனர். பின்னர் அவ்வழக்குகள் இணக்கமாகத் தீர்க்கப்பட்டன. பெயர் கிடைத்தபின்னும் பங்கு வேறு வினாவாகவே நிற்கின்றது.

எமது நாட்டிலும் தொடக்கங்கள் உண்டு. தா. சனாதனனின் 'முழுமையற்ற தோம்பு' 2011இல் நூலாக வெளிவந்தபோது, இடம்பெயர்ந்தோர் தம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தளப்படங்களே அதன் அடிப்படையாயின. ஒல்லாந்தரின் நிலவரிப் பதிவேட்டின் பெயரை உரிமையிழந்தோர் எடுத்தாண்டமை பொருத்தமானது. 2019இல் தொடங்கப்பட்ட நவீன, சமகாலக் கலைக்கான அரும்பொருளகம் கொழும்பிற் கட்டணமின்றித் தமிழ் உட்பட மும்மொழியிலும் இயங்கிவருகின்றது; இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமே. ஆயினும் வன்னித் துணியைப் பார்க்க வன்னியார் இரவுப் பேருந்தில் ஏறவேண்டிய நிலை நீடிக்கின்றது. வவுனியா வளாகம் 2021 ஓகத்தில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியில் உள்ளன. சூடு மிதித்த களத்தின் கருவிகளை, படங்கு, சாக்கூசி, ஏணைச்சீலை என்பவற்றைச் சேகரிக்க இவற்றைவிடப் பொருத்தமான இடமில்லை. சேகரிப்போர் இரு விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது எமது வற்புறுத்தல்: பொருளின் பின்புறமும் பார்வைக்குத் தெரியுமாறு வைத்தல், 'துணி, நூல்' என்பதோடு நில்லாது எவருடைய கை, எந்தப் போகம், எந்த இடப்பெயர்வு என்பவற்றைத் தைத்தவரின் சொல்லிலேயே எழுதுதல்.

இவ்வெண்ணத்தோடு முத்தையன்கட்டு மூதாட்டியிடம் மீண்டும் சென்று அந்தப் படங்கை விலைக்குத் தரமுடியுமா என்று கேட்டோம். அது இப்போது சணலன்று. யூரியா உரப்பைகளாற் பொத்தப்பட்டது. நடுவிலே வெளிறிய தறப்பாள் துண்டொன்றும் ஓரத்தில் நீலச் சேலைக்கரையும் இருந்தன. அவர் அதனை ஒருமுறை எமக்குப் புரட்டிக் காட்டினார். பிறகு, 'நீங்கள் கொண்டுபோனால் நான் நெல்லை எதில காயவிடுறது?' என்றார். எம்மிடம் விடை இருக்கவில்லை. நீள அகலத்தை அளந்து, பைகளை எண்ணி எழுதிக்கொண்டு திரும்பினோம்.